கோச் கிளம்பும்போது

கோடை முகாம் முடிந்து ஜூனில் பள்ளிகள் திறக்கும் நேரத்தில் சென்னையின் பேட்மிண்டன் அகாடமிகளில் ஒரு செய்தி ஓடத் தொடங்கும். இன்ன கோச் அங்கிருந்து கிளம்புகிறாராம், பக்கத்தில் புதிதாக ஆறு கோர்ட் போட்டிருக்கிறார்களே, அங்கே சேர்கிறாராம். முதலில் பெற்றோருக்குத் தெரியும், பிறகு பிள்ளைகளுக்கு, கடைசியாகத்தான் உரிமையாளருக்கு. அன்று இரவே வாட்ஸ்அப் குழுவிலிருந்து கோச்சின் பெயர் நீக்கப்படும். மறுநாள் மாலை எந்தப் பிள்ளை வருகிறது, எது வரவில்லை என்று கணக்கெடுப்பார்கள். ஒரு வாரத்துக்குள் பேச்சு முழுவதும் விசுவாசம், துரோகம் என்ற இரண்டு வார்த்தைகளுக்குள் அடங்கிவிடும். இந்தத் தொழிலிலேயே வாழ்க்கையைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது விசுவாசப் பிரச்சினையே இல்லை, சம்பளப் பிரச்சினை. அதைச் சம்பளப் பிரச்சினையாகப் பார்க்க மறுப்பதால்தான் கிளம்புகிறவர் சொல்லாமல் கிளம்புகிறார், இருப்பவர் கோபத்தில் கதவைச் சாத்துகிறார். இருவருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. ஒன்பது வயதிலிருந்து பதினான்கு வயதுக்குள் இருக்கும் பிள்ளைதான் அதற்கு விலை கொடுக்கிறது.

முன்பு இப்படி இல்லை. கோச் என்றால் பட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் டிப்ளமா முடித்து அரசுச் சம்பளம் வாங்குபவர், அல்லது ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை பார்த்துக்கொண்டு மாலையில் கிளப்பில் சொல்லிக்கொடுப்பவர். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992இல் வந்த பிறகும் அந்த அமைப்பு அப்படியேதான் தொடர்ந்தது. கோச் ஊர் மாறினால் அது டிரான்ஸ்ஃபர் உத்தரவு, யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்பதை வைத்து அவருடைய சம்பளம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. 1994இல் பெங்களூரில் பிரகாஷ் படுகோன் அகாடமியும் 2008இல் ஹைதராபாத்தில் கோபிசந்த் அகாடமியும் தொடங்கியபோது வேறொரு வழி பிறந்தது. பிள்ளை அங்கேயே தங்கிப் படித்து ஆடும், புரவலர்கள் பின்னால் நிற்பார்கள். ஆனால் 2012இல் சாய்னா நேவால் லண்டனில் வெண்கலமும் 2016இல் பி.வி.சிந்து ரியோவில் வெள்ளியும் வென்ற பிறகு நம் ஊர்களில் பெருகியது அந்த மாதிரி அகாடமி இல்லை. மேடவாக்கம், போரூர், முகப்பேர், ஓ.எம்.ஆர். என்று காலி மனை கிடைத்த இடமெல்லாம் தகர ஷெட் போட்டு, மரத்தரை அடித்து, மேலே சிந்தெடிக் மேட் விரித்தார்கள். உரிமையாளர்களில் பலர் ஆட்டக்காரர்கள் இல்லை. கோச்சுகள் மாநில அளவிலோ பல்கலைக்கழக அளவிலோ ஆடி, அதற்கு மேல் போக வழியில்லாமல் நின்றவர்கள். மாதக் கட்டணம்தான் ஒரே வருமானம். அரசுச் சம்பளக்காரரிடம் எதிர்பார்த்த நிலைத்தன்மையை இந்த ஏற்பாட்டிடமும் எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒரு பேட்சில் இருபது பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அறுபதாயிரம் வருகிறது. அப்படி நான்கு பேட்ச் நடந்தால் 2,40,000. மனை வாடகை, மின்சாரம், மேட் தேய்மானம், ஷட்டில் எல்லாம் அதிலிருந்துதான். அண்மைக் காலத்தில் இறகு ஷட்டில் விலை ஏறிய ஏற்றத்தில் பல அகாடமிகள் சின்னப் பிள்ளைகளை நைலானுக்கு மாற்றிவிட்டன. இவ்வளவும் போக மீதமிருப்பதில் தலைமை கோச்சுக்கு முப்பதாயிரம் என்று முடிவானால், அதற்குப் பிறகு அவர் எந்தப் படியில் ஏறுவது? உதவி கோச், கோச், தலைமை கோச். அதோடு படிக்கட்டு முடிந்துவிடுகிறது. கூடுதலாகச் சம்பாதிக்கக் கூடுதல் மணி நேரம் நிற்க வேண்டும். விடிகாலை ஐந்தரைக்கு ஒரு பேட்ச், பிறகு பள்ளிக்குப் போகாமல் ஆடும் பிள்ளைகள், மாலை நான்கிலிருந்து எட்டு வரை மற்றவர்கள். பெட்டியிலிருந்து ஷட்டிலை எடுத்து எடுத்துப் போடும் ஃபீடிங் தோளையும் மணிக்கட்டையும் தின்றுவிடும். நாற்பதைத் தொடும்போது உடம்பு சொல்பேச்சு கேட்காது, வருமானமோ உடம்பைத்தான் நம்பியிருக்கிறது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம்தான் பி.எஃப். சட்டத்துக்குள் கட்டாயமாக வரும். நான்கு கோச், ஒரு காவலாளி, ஒரு துப்புரவுப் பணியாளர் உள்ள ஷெட்டுக்கு அந்தப் பேச்சே கிடையாது. இந்த நிலையில் பக்கத்து ஷெட்காரர் பத்தாயிரம் கூடக் கொடுப்பதாகச் சொன்னால் போகாமல் இருப்பதுதான் ஆச்சரியம்.

இதில் புதிதாகச் சேர்ந்திருப்பது மணிக்கணக்கு வாடகை. செயலியில் கோர்ட் பதிவு செய்து ஆடும் பழக்கம் வந்த பிறகு, மாலை ஆறிலிருந்து பத்து வரை ஐ.டி. ஊழியர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் கோச் இல்லாமலே கோர்ட் சம்பாதிக்கிறது. உரிமையாளருக்கு வாடகைக்கு விடுவது லாபமாகத் தெரியத் தொடங்கியதும் பிள்ளைகளின் பேட்ச் ஐந்திலிருந்து ஆறு, நான்கிலிருந்து ஐந்து என்று முன்னுக்குத் தள்ளப்படுகிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு அந்த நேரம் ஒத்துவருவதில்லை. கோச்சின் பேட்ச் தானாகவே சுருங்குகிறது. வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் கோச் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார் என்கிறார்கள். ஆனால் பல இடங்களில் கோச் கிளம்புவதற்கு ஓராண்டுக்கு முன்பே கோர்ட் அந்தப் பிள்ளைகளைக் கைவிட ஆரம்பித்துவிட்டது.

பெரும்பாலான பிரிவுகளுக்கு உடனடிக் காரணம் பெர்சனல் கோச்சிங்தான். ஒரு பிள்ளைக்குத் தனியாக ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் அந்தக் கட்டணத்தில் கோச்சுக்கு எவ்வளவு, கோர்ட்டுக்கு எவ்வளவு? சில இடங்களில் பாதிக்குப் பாதி, சில இடங்களில் அறுபதுக்கு நாற்பது, பல இடங்களில் எழுத்தில் எதுவுமே இல்லை. பெற்றோர் கோச்சின் கைபேசிக்கு நேராகப் பணம் அனுப்புகிறார்கள். உரிமையாளருக்கு அது தெரியவரும்போது சண்டை. உரிமையாளர் பக்கமும் நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கடன் வாங்கி ஷெட் போட்டவர் அவர். மழையில் கூரை ஒழுகினால் இரவோடு இரவாக ஆள் கூட்டிவந்து அடைத்தவர் அவர். கொரோனா காலத்தில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த ஷெட்டுக்கு வாடகை கட்டியவரும் அவர்தான். ஒன்றும் தெரியாமல் வந்த இளைஞனுக்கு இருபது பிள்ளைகளை ஒப்படைத்து, தப்பு செய்து கற்றுக்கொள்ள இடம் கொடுத்து, பயிற்சி வகுப்புக்கும் பணம் கட்டி அனுப்பியிருப்பார். அந்த இளைஞன் கோச்சாகத் தேறிய மறுமாதமே, போட்டிகளுக்குப் போகும் பேட்ச் முழுவதையும் அழைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனால் வயிறு எரியத்தான் செய்யும்.

அந்த எரிச்சலில் பலர் கையில் எடுப்பது பாண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு இத்தனை கிலோமீட்டருக்குள் வேறெங்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்குவார்கள். சிலர் அசல் சான்றிதழ்களையே வாங்கிப் பூட்டி வைப்பார்கள். சட்டத்தின் முன் அந்தத் தாளுக்குப் பெரிய மதிப்பு இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 27ஆம் பிரிவு, ஒருவர் தன் தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும் காலத்தில் வேறிடத்தில் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தலாம். வேலையை விட்ட பிறகு அந்தக் கட்டுப்பாடு நிற்காது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் அவருடைய விளம்பர ஒப்பந்தங்களைக் கவனித்துவந்த பெர்செப்ட் டி'மார்க் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அவரைக் கட்டிப்போட முயன்ற ஷரத்து செல்லாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது விளையாட்டுத் துறையிலேயே கிடைத்த தீர்ப்பு. ஆகவே பாண்டு வழக்கில் ஜெயிப்பதற்காக எழுதப்படுவதில்லை, பயமுறுத்துவதற்காக எழுதப்படுகிறது. பயந்தவர் முன்கூட்டிச் சொல்ல மாட்டார், ஒருநாள் காலை வராமல் போவார். எந்தக் கேட்டைத் தடுப்பதற்காக எழுதினார்களோ, அதையே அந்தத் தாள் கொண்டுவந்து சேர்க்கிறது.

அப்படிச் சொல்லாமல் போகும்போது எது தொலைகிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பத்து வயதுப் பெண் ஒருத்தி, ராக்கெட்டைத் தோசைக்கரண்டி பிடிப்பதுபோல் தட்டையாகப் பிடித்து ஆடிப் பழகியவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிடியில் நெட்டுக்குப் பக்கத்தில் அடி பலமாக விழும், சின்ன வயதுப் போட்டிகளில் அவள் ஜெயித்துக்கொண்டே இருப்பாள். ஆனால் பதிமூன்று வயதில் எதிராளி பந்தைப் பேக்ஹேண்ட் பக்கம் பின்கோட்டுக்குத் தள்ளத் தொடங்கியதும் அவளால் திருப்பி அனுப்ப முடியாது. நல்ல கோச் அதை முன்பே பார்த்துப் பிடியை மாற்றுவார். மாற்றும் அந்த ஐந்தாறு மாதம் கொடுமையான காலம். முன்பு சுலபமாக ஜெயித்த பிள்ளைகளிடமெல்லாம் அவள் தோற்பாள். கை தானாகப் பழைய பிடிக்கு ஓடும், கோச் ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தி விரலைத் திருப்பிவைப்பார். தோற்றாலும் பரவாயில்லை என்று அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் தெம்பு சொல்வதும் அவர்தான். நான்காவது மாதம் அவர் கிளம்பிவிடுகிறார். புதிதாக வந்தவர் பார்ப்பது தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையை மட்டும். பழைய பிடியில் அவள் அடிக்கும் ஒரு கில்லைப் பார்த்து, "இதுதான்மா உன் பலம், இப்படியே ஆடு" என்கிறார். அடுத்த மாதம் அவள் ஜெயிக்கிறாள், எல்லோருக்கும் சந்தோஷம். மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் வாசல் மூடிவிட்டது தெரியும். அதற்குள் காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

உடம்பு விஷயமும் அப்படியே. பன்னிரண்டு, பதிமூன்று வயதில் பிள்ளை திடீரென்று உயரும்போது எலும்பு வளரும் வேகத்துக்குத் தசைநார் ஈடுகொடுக்காது. முட்டிக்குக் கீழே வலிக்கும், குதிகால் வலிக்கும். பழைய கோச்சுக்கு அது தெரியும், அதனால் ஜம்ப் ஸ்மாஷைக் குறைத்து வைத்திருப்பார். புதியவர் முன்னால் தன்னை நிரூபித்துக்காட்ட விரும்பும் பிள்ளை வலியைச் சொல்லாது. வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் சில நாட்கள் சில பயிற்சிகளைத் தவிர்ப்பதும், அதைக் கேட்காமலே புரிந்துகொள்ளும் பெண் கோச் கிளம்பிவிட்டால் அடுத்தவரிடம் சொல்லக் கூசுவதும் நம் அகாடமிகளில் யாரும் பேசாத ஆனால் எல்லோரும் அறிந்த விஷயங்கள். இவை எதுவும் எந்த நோட்டிலும் இல்லை. ஒரே ஒருவர் மனதில் இருந்தன, அவர் கிளம்பும்போது கூடவே போய்விட்டன.

அப்படியானால் பிள்ளையும் கோச்சுடனே போய்விடலாமே என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. சங்கர் முத்துசாமி சென்னையிலேயே அரவிந்தன் சாமியப்பனிடம் பயிற்சி பெற்று 2022இல் உலக ஜூனியர் போட்டியில் வெள்ளி வென்றார். பெரிய மையங்களுக்கு ஓடாமல் ஒரு கையில் தொடர்ந்து வளர்வதற்கு நம் கண்முன் உள்ள நல்ல எடுத்துக்காட்டு அது. ஆனால் அதிலிருந்து கோச் போகுமிடமெல்லாம் போக வேண்டும் என்ற விதி பிறக்காது. கோபிசந்த் ஹைதராபாத்தில் எஸ்.எம்.ஆரிஃபிடம் உருவானவர். பிறகு பெங்களூர் போய்ப் பிரகாஷ் படுகோன் அகாடமியிலும், அதன்பின் கங்குலி பிரசாத்திடமும் பயிற்சி பெற்று 2001இல் ஆல் இங்கிலாந்தை வென்றார். ஆரிஃபின் பெருமை அதனால் குறையவில்லை. சின்னப் பிள்ளைக்குக் கோச் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் எதிரில் நின்று ஆடும் பிள்ளைகள். தன்னைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடும் நான்கு பேர் தினமும் கிடைத்தால்தான் ஆட்டம் ஏறும். கோச்சுடன் ஐந்து பேர் பிரிந்து போனால் இந்தப் பக்கமும் ஸ்பாரிங் குறையும், அந்தப் பக்கமும் குறையும். அதோடு பள்ளி, வீடு, போக்குவரத்து என்று பார்த்தால் பத்து வயதுப் பிள்ளைக்கு முக்கால் மணி நேரக் கூடுதல் பயணம் என்பது தினமும் முக்கால் மணி நேரத் தூக்கம். போட்டிகளுக்கு முறையாகப் போகும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை கோச்சைத் தொடர்ந்து போவதில் பொருள் உண்டு. அதற்குக் கீழே, நடக்கும் தூரத்தில் இருக்கும் சுமாரான இடமே மேல் என்பது என் முடிவு.

மாற்றமே கெடுதல் என்று நினைப்பவர்களுக்குப் பெரிய ஆட்டக்காரர்களின் வரலாறு வேறு மாதிரி பதில் சொல்கிறது. சாய்னா 2014இல் ஹைதராபாத்தை விட்டுப் பெங்களூரில் விமல்குமாரிடம் சேர்ந்தார். 2015இல் உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்தார், அதே ஆண்டு உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். 2017இல் மீண்டும் கோபிசந்திடம் திரும்பினார், அங்கே அவருக்குக் கதவு திறந்தே இருந்தது. கொரியாவிலிருந்து வந்த கிம் ஜி ஹியூன் சிந்துவுடன் சில மாதங்களே இருந்தார். 2019 ஆகஸ்டில் பாசலில் சிந்து உலகப் பட்டம் வென்றார், அடுத்த மாதமே கிம் குடும்பக் காரணத்தால் விலக நேர்ந்தது. அவர் இடத்துக்கு வந்த பார்க் தே சாங் வெளியிலிருந்து புதிதாக வந்தவர் இல்லை, ஏற்கெனவே இந்திய அணியுடன் இருந்தவர். இரண்டு ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் வெண்கலம் வந்தது. பெரியவர்கள் மாற்றத்தைத் தாங்கினார்கள் என்பதை மட்டும் இதில் பார்க்கக் கூடாது. பொறுப்பை வாங்கிக்கொள்ள ஆள் பக்கத்திலேயே இருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அங்கே ஒவ்வொரு ஜிம்மும் தனியார் தொழில், நம் ஷெட்டுகளைப் போலவே கட்டணத்தில் ஓடுவது. சிமோன் பைல்ஸைச் சிறுமியாக இருந்தபோதிலிருந்து உருவாக்கிய எய்மி போர்மன் 2014இல் ஹூஸ்டனில் தான் வேலை பார்த்த ஜிம்மை விட்டு வெளியேறியபோது பைல்ஸும் உடன் வந்தார், பைல்ஸின் பெற்றோர் தொடங்கிய ஜிம்மில் பயிற்சி தொடர்ந்தது. ரியோ ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு போர்மன் ஃபுளோரிடாவுக்குப் போனார். 2017இல் அந்த இடத்துக்கு வந்த லோரான், செசில் லாண்டி தம்பதி டெக்சஸிலேயே வேறொரு புகழ்பெற்ற ஜிம்மிலிருந்து வந்தவர்கள். 2019 உலகப் போட்டியில் பைல்ஸ் ஐந்து தங்கம் வென்றார். நான் மிகவும் மதிப்பது 2024இல் நடந்ததை. செசில் லாண்டி ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்குப் போகிறார் என்பது ஏப்ரலிலேயே வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது, பொறுப்பேற்பது பாரிஸ் ஒலிம்பிக்ஸ் முடிந்த பிறகு என்று. எல்லோருக்கும் தெரிந்தே அவர் கடைசிவரை மாணவியின் பக்கத்தில் நின்றார். பாரிஸில் பைல்ஸ் மூன்று தங்கம் வென்றார். கிளம்பப்போவதாகச் சொன்னால் அன்றோடு வேலை கெட்டுவிடும் என்று நம் ஊரில் அஞ்சுகிறோமே, ஒலிம்பிக்ஸ் ஆண்டிலேயே சொல்லிவிட்டு வேலையை முடித்தார்கள்.

அவர்கள் பெரிய இடத்துக்காரர்கள், நான்கு கோர்ட் ஷெட்டில் இது நடக்குமா என்று கேட்கலாம். இதற்குப் பணம் தேவையில்லை, ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பக்கம். எந்தப் பிடி, எதை மாற்றிக்கொண்டிருக்கிறோம், எப்போது தொடங்கினோம், எங்கே வலி, போன மாதம் உயரம் என்ன, எந்தப் போட்டியில் யாரிடம் எப்படித் தோற்றது, திட்டினால் எழும் பிள்ளையா சுருங்கும் பிள்ளையா. மாதம் ஒருமுறை எழுதினால் போதும், நகல் பெற்றோரிடம் இருக்க வேண்டும். ஒரு மாதம் முன்பே சொன்னால் அந்த மாதம் முழுக்க கோச் பிள்ளைகளை மனம் மாற்றுவாரே என்பது உரிமையாளர்களின் அச்சம். சொல்லாவிட்டாலும் கைபேசியில் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. வெளிப்படையாகச் சொல்லி, புதியவரையும் அருகில் நிறுத்தி இரண்டு வாரம் சேர்ந்து சொல்லிக்கொடுத்தால், பெற்றோர் புதியவரைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். போகலாமா இருக்கலாமா என்ற முடிவை வதந்தியை வைத்து எடுக்க மாட்டார்கள். குரு சிஷ்ய மரபில் இப்படியெல்லாம் உண்டா என்று வருத்தப்படுகிறவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும். மாதம் ஐந்தாம் தேதி கட்டணம் வரவில்லை என்றால் பிள்ளையை ஓரமாக உட்காரவைக்கும் இடத்தில் அந்த மரபைக் கோச்சிடம் மட்டும் கேட்க முடியாது.

கோச்சுகளிடமும் கடுமையாகச் சொல்ல வேண்டியது உண்டு. மாநிலப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது கிளம்புவதற்கு எந்தச் சம்பளமும் காரணம் ஆகாது. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் நேராகப் போய், "சார்கூட வந்துடுறியா?" என்று கேட்பது அதன் தலையில் பெரியவர்களின் சண்டையை ஏற்றுவது. கேட்க வேண்டுமென்றால் பெற்றோரிடம், அதுவும் வேலையை விட்ட பிறகு. புதிய இடத்தில் சேர்ந்த முதல் வாரமே, முன்பு இருந்தவர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் தவறு என்று அடியோடு மாற்றத் தொடங்குவதும் நம் தொழிலில் ஊறிப்போன பழக்கம். குறைந்தது ஒரு மாதம் பார்க்காமல் எந்தப் பிள்ளையின் பிடியிலும் கால் நகர்விலும் கை வைக்கக் கூடாது. முன்பு இருந்தவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் கௌரவம் குறையாது.

உரிமையாளர்கள் பாண்டுக்கு வாங்கும் முத்திரைத்தாளில் வேறு விஷயங்களை எழுதலாம். பெர்சனல் கோச்சிங்கில் யாருக்கு எவ்வளவு, ஒவ்வொரு ஆண்டும் எவ்வளவு உயர்வு, மூன்று ஆண்டு நிலைத்து நின்ற கோச்சுக்குத் தன் பேட்ச் வருமானத்தில் எத்தனை பங்கு, இரு தரப்பும் எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும். கோச்சுடன் போன பிள்ளை ஆறு மாதத்தில் திரும்பி வந்தால் புதுச் சேர்க்கைக் கட்டணம் கேட்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கோச் கிளம்புகிறார் என்று கேள்விப்பட்ட அன்று, எந்த அகாடமியில் என்று விசாரிப்பதற்கு முன் அவரை நேரில் பார்த்து, என் பிள்ளைக்கு இப்போது எதை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள், அது முடிய இன்னும் எத்தனை மாதம் ஆகும் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி வாங்கி, அடுத்து பொறுப்பேற்பவர் யாராக இருந்தாலும் அவர் கையில் கொடுங்கள்.